ராணி கையெழுத்து வைத்த துவக்கு

1

முதன்முறையாகத் துப்பாக்கி உரிமம் கேட்கும் ஒருவர், அவருடைய விண்ணப்பத்தில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும், குறைந்தது இருபத்தெட்டு நாட்கள் காத்திருக்க வேண்டும். இது கனடாவின் விதி. ஏன் இருபத்தெட்டு என்று விதி சொல்வதில்லை. கோபத்தில் கேட்டவனுக்கு அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று நினைத்திருக்கலாம். நான் கோபத்தில் கேட்கவில்லை. ஒரு மாதத்தில் உரிமம் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். வந்து சேர ஐந்து மாதம் பிடித்தது. அந்தத் தாமதத்துக்குக் காரணம் அரசாங்கம் அல்ல, என் நண்பர். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தக் கிழமையோடு நான் துவக்கு, அதாவது துப்பாக்கி, வாங்கி ஒரு வருடம். வவுனியாவிலிருந்து ஒரு பழைய சகா தொலைபேசி எடுத்து, "தில்லையம்பலம், நீர் அங்க துவக்கோட திரியிறீராம், மெய்யோ?" என்று கேட்டார். எழுபதை நெருங்கியவன் முழங்கால் வலியோடு நூலகத்துக்குப் பஸ்ஸில் போய் வருவதை இப்படியும் சொல்லலாம் போலிருக்கிறது. ஊரில் இருப்பவர்கள் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இப்போது என்னிடம் துவக்கு இல்லை. அதை வைத்துப் பூட்டிய இரும்பு அலுமாரி மட்டும் எங்கள் வீட்டு நிலக்கீழறையில் நிற்கிறது. என் மனைவி ராணி அதற்குள் மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியல் மாவும் வைத்திருக்கிறாள். மிளகாய்த்தூளைச் சட்டப்படி பூட்டி வைத்திருக்கும் வீடு ஸ்காபரோவில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அலுமாரிக்குப் பக்கத்து அறையில் இப்போது ஓர் ஆள் இருக்கிறார். அவர் பகலில் நித்திரை கொள்வதால் ராணி அந்தப் பூட்டைச் சத்தம் வராமல் திறக்கப் பழகியிருக்கிறாள்.

2

எங்களுக்கு ஒரே பிள்ளை, கஜன். ஸ்காபரோவில் பிறந்தவன். சுரங்கங்களில் மின் வேலை செய்யப் படித்து, இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு நாள் கார் ஓடினால் வரும் ரிம்மின்ஸ் நகரத்துக்குப் போனான். அங்கேயே எமிலி என்ற பெண்ணை மணந்தான். எமிலி நல்ல பிள்ளை. எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே இடியப்பத்தைக் கையால் சாப்பிட்டு, ராணியை ஒரேயடியாக வென்றுவிட்டாள்.

எமிலியின் அப்பா டேவ் வேட்டைக்காரர். இலையுதிர் காலத்தில் அவரும் கூட்டாளிகளும் ஒரு கிழமை, ஏழு நாள், காட்டுக்குள் போய் மூஸ் சுடுவார்கள். மூஸ் என்பது எங்கள் மரைமானை இரண்டு மடங்கு பெருப்பித்ததுபோல ஒரு மிருகம். கஜனும் உரிமம் எடுத்து அவரோடு போகத் தொடங்கினான். வருடத்தில் அவன் எடுக்கும் ஒரேயொரு கிழமை விடுமுறை அதற்குத்தான் போனது.

ஏறத்தாழ மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒக்டோபரில் வரும் நன்றி நவிலல் விடுமுறைக்கு அவர்களிடம் போயிருந்தபோது, காட்டில் ஒரு கிழமை என்னதான் செய்வீர்கள் என்று அவனிடம் கேட்டேன்.

"நத்திங், அப்பா. சும்மா இருக்கிறது. காலமை போய் ஒரு இடத்தில இருந்தா பின்னேரம் மட்டும் அப்பிடியே இருப்பம். கதைக்கக் கூடாது. மூஸுக்குக் கேட்டிடும்."

"சுடுறேல்லையோ?"

"நாலு வருஷத்தில ஒருக்கா. இற்ஸ் ஓகே. இருக்கிறதுதான் பிடிக்கும்."

அன்று சாப்பாட்டு மேசையில் டேவ் அவனிடம் உப்பை நீட்டினார், அவன் கேட்காமலே. இது ஒரு விஷயமா என்று கேட்பீர்கள். என் மகன் ஒரு கிழமை முழுவதும் இன்னொருவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் பேசாமல் இருக்கிறான். என்னோடு அவன் ஒரு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் இருந்தது கடைசியாக எப்போது என்று யோசித்தேன். வருமான வரிப் படிவத்தை நான் நிரப்பிக் கொடுத்த நாள் நினைவுக்கு வந்தது. அதுவும் அவன் முதல் வேலைக்குப் போன காலம்.

புறப்படும்போது காரின் கண்ணாடியைத் தட்டி அவன் சொன்னான்: "நீங்களும் ஒருக்கா வாங்கோவன், அப்பா. ஆனா லைசென்ஸ் வேணும்."

விடைபெறும்போது எல்லாரும் சொல்லும் வார்த்தைதான். முதல் வசனம் அழைப்பு என்றும் இரண்டாவது அழைப்பின் நிபந்தனை என்றும் நான் எடுத்துக்கொண்டேன். நிபந்தனையை நிறைவேற்றுவது எனக்குத் தெரிந்த தொழில். மாவட்ட அரசாங்க அலுவலகமான வவுனியாக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தவன் நான். இங்கே வந்து இருபது வருடத்துக்கு மேல் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் அகதி மனுக்களை நிரப்பியவன். நான் நிரப்பிய படிவம் குறையென்று திரும்பி வந்ததில்லை.

3

கச்சேரியில் என் மேசைதான் துவக்கு மேசை. வயலுக்குப் பன்றி வருகிறது, யானை வருகிறது என்று கமக்காரர் மனுக் கொடுப்பார்கள். கிராமத்து விதானையார் மெய்யென்று எழுத வேண்டும், பொலிஸ் ஆட்சேபனை இல்லை என்று எழுத வேண்டும், பிறகு அரசாங்க அதிபர் ஒப்பமிட வேண்டும். ஒவ்வொரு மார்கழியிலும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதத்தில் என் மேசைக்கு முன்னால் சைக்கிள் கிளிப் போட்ட கால்களின் வரிசை நிற்கும். மாவட்டத்தில் இருந்த அத்தனை துவக்குகளின் இலக்கங்களும் என் கைப்படத்தான் பதியப்பட்டன. ஒன்றையாவது நான் தொட்டதில்லை. இலக்கம் தெரியும், பாரம் தெரியாது.

நெடுங்கேணியில் வயல் வைத்திருந்த ஒருவர் வருடா வருடம் வந்து புதுப்பிப்பார். மூன்றாவது வருடம் உரிமத்தோடு என்னுடைய சாதகத்தையும் கேட்டார். அவர்தான் என் மாமனார்.

இங்கே பாதுகாப்பு வகுப்புக்கு இரண்டு நாட்கள் போக வேண்டும். வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிறம்ரனில் லொறி ஓடும் ஒரு பஞ்சாபிப் பையன், கணவனும் மனைவியுமாக இரண்டு பேர், மாணவர்கள் சிலர், நான். எந்தத் துவக்கை எடுத்தாலும் அது நிரப்பியிருக்கிறது என்றே நினைக்க வேண்டும் என்பதுதான் முதற்பாடம். ஆசிரியர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார். எங்கள் ஊர் ஆட்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். பரீட்சையில் எனக்குத்தான் அதிக புள்ளி. பஞ்சாபிப் பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, அங்கிள், நீங்கள் என்ன சுடப் போகிறீர்கள் என்று கேட்டான். என் மகனோடு சும்மா இருக்கப் போகிறேன் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

இந்தக் காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் கஜன் தொலைபேசி எடுப்பான். எமிலி எங்கே என்று ராணி கேட்பாள். வேலைக்குப் போய்விட்டாள் என்பான். ஞாயிற்றுக்கிழமையிலும் என்ன வேலை என்று ராணி என்னைப் பார்த்துக் கேட்பாள். வடக்கில் அப்படித்தான் என்று நான் விளக்கம் கொடுப்பேன்.

4

விண்ணப்பத்தில் வாழ்க்கைத் துணை கையொப்பமிட ஓர் இடம் உண்டு. இவர் துப்பாக்கி கேட்பது எனக்குத் தெரியும் என்பதற்கான கையொப்பம். துணை ஒப்பமிட மறுத்தால் விண்ணப்பம் செத்துவிடாது. அலுவலகம் துணையைத் தொடர்புகொண்டு அறிவிக்கும், கவலை உண்டா என்று கேட்கும், அவ்வளவுதான். ஆகவே ராணியின் கையொப்பம் இல்லாமலும் நான் அனுப்பியிருக்கலாம். நடைமுறை தெரிந்தவனுக்கு வழி எப்போதும் உண்டு. ஆனால் அந்தப் பெட்டி வெறுமையாகப் போவதை நான் விரும்பவில்லை.

படிவத்தைக் குசினி மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை.

"என்னத்துக்கு உங்களுக்குத் துவக்கு?"

"சட்டப்படிதான் ராணி. பூட்டி வைக்கிறது. குண்டு வேற, துவக்கு வேற. அலுமாரிக்குத் திறப்பு..."

"அப்பான்ர துவக்கும் சட்டப்படிதான். நீங்கள்தானே ஒவ்வொரு வருஷமும் முத்திரை குத்தினனீங்கள்."

இதை வாசிக்கும் நெடுங்கேணிப் பக்கத்து ஆட்கள் சிலருக்குத் தெரிந்த கதைதான். ஒரு பின்னேரம் போராளி இயக்கப் பெடியள் வந்து மாமாவின் துவக்கைக் கேட்டார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள், தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டு நாள் கழித்து ஆமி வந்து அதே துவக்கைக் கேட்டது. மாமா உரிமத்தை எடுத்துக் காட்டினார். அதில் துவக்கின் இலக்கம், திகதி, ஒப்பம் எல்லாம் சரியாக இருந்தன. துவக்கு மட்டும் இருக்கவில்லை. ராணியின் தம்பி மோகனை விசாரித்துவிட்டு விடுவதாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுக்காக நான் எழுதிய மனுக்களின் பிரதிகள் ஒரு பெட்டி நிறைய எங்களோடு கனடாவுக்கு வந்தன. பதில்கள் வரவில்லை.

"வீட்டில துவக்கு இருந்தா ஆராவது கேட்டு வருவினம்" என்றாள் ராணி.

படிவம் பனி கொட்டிய மாரிகாலம் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. நான் வற்புறுத்தவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜன் தொலைபேசியை வைத்தபின் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலு நிமிடம்கூடப் பேசவில்லை என்றாள். எமிலி வேலையாம் என்றாள். பிறகுதான் கேட்டாள்.

"இது கஜனோட போறதுக்கோ?"

"ஓம்."

"காட்டுக்கோ?"

"ஒரு கிழமை. சும்மா இருக்கிறதாம். கதைக்கக் கூடாதாம்."

"உங்களால ஏலுமே அது?"

"பழகுவன்."

அவள் கையைத் துடைத்துவிட்டுப் பேனையைக் கேட்டாள். ராணி வங்கியிலும் வைத்தியசாலையிலும் ஆங்கிலத்தில்தான் ஒப்பமிடுவாள். அன்று தமிழில் வைத்தாள், முழுப் பெயரையும். பெட்டிக்குள் அடங்காமல் கடைசி எழுத்துகள் கோட்டைத் தாண்டின. படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு அவள் சொன்னது இதுதான்:

"அவனுக்கு இப்ப சொல்லிப்போடாதேங்கோ. சரிவந்தாப் பிறகு சொல்லுவம்."

5

சரிவந்தாப் பிறகு சொல்லுவம். எங்கள் சனத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கனடாவுக்கு விசா கிடைத்ததை விமானம் ஏறும்வரை கூடப்பிறந்தவர்களுக்கே சொல்லாதவர்கள் நாங்கள். பரீட்சை எழுதியதைச் சொல்வதில்லை, மறுமொழி வந்தபிறகு சொல்வோம். வீடு பார்ப்பதைச் சொல்வதில்லை, திறப்பு கைக்கு வந்து கதவைத் திறந்தபின் பால் காய்ச்சக் கூப்பிடுவோம். பிள்ளை வயிற்றில் இருப்பதை வயிறே சொல்லும்வரை சொல்வதில்லை. முந்திச் சொன்னால் கண்ணூறு படும், தடங்கல் வரும். கஜன் வளர்ந்த வீட்டில் இந்த வசனம் காலைத் தேநீர்போல. அவன் தன் பல்கலைக்கழக அனுமதியைக் கூட்டாளிகளிடம் சொல்ல ஓடியபோது ராணி வாசலில் மறித்துப் பிடித்திருக்கிறாள். அவன் அழுதான். பிறகு பழகிக்கொண்டான். நன்றாகவே பழகிக்கொண்டான்.

ஆனபடியால் கஜனுக்கு ஒன்றும் சொல்லாமல் விண்ணப்பத்தை அனுப்பினேன். என்னைத் தெரிந்த இரண்டு பேரின் பெயர்களையும் கொடுக்க வேண்டும். ஒருவர் என்னோடு வேலை செய்தவர், அவரால் பிரச்சினை இல்லை. மற்றவர் சிவஞானம் மாஸ்ரர், ஊரில் கணிதம் படிப்பித்தவர், இங்கே காலை நேரங்களில் என்னோடு அங்காடியில் கோப்பி குடிப்பவர். அலுவலகத்திலிருந்து அவருக்குத் தொலைபேசி வந்தது. அடுத்த நாள் கோப்பிக் கடையில் அவர் முகம் வெற்றி பெற்ற வேட்பாளரின் முகமாக இருந்தது.

"ஐசே, உம்மைப் பற்றி நல்ல வடிவாச் சொல்லி விட்டிருக்கிறன்."

"என்ன சொன்னீங்கள், மாஸ்ரர்?"

"இவருக்குத் துவக்கெண்டாத் தண்ணி பட்ட பாடு. ஊரில எத்தினை நூறு பேருக்குத் துவக்குக் குடுத்த மனிசன். ஒருத்தருக்கும் பயப்பிடாத ஆள் எண்டன்."

கோப்பியைக் கீழே வைத்தேன். வேறு என்ன கேட்டார்கள் என்றேன்.

"கோவம் வருமோ எண்டு கேட்டவை. வந்தா நியாயத்துக்குத்தான் வரும் எண்டு சொன்னன்."

மாஸ்ரரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி விசாரித்து வந்தால், அது கலியாணமாக இருந்தாலும் வேலையாக இருந்தாலும், ஆளைத் தூக்கி வைத்துத்தான் சொல்ல வேண்டும். சாதாரண மனிதர், குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லை என்றால் அந்த இடம் குழம்பிவிடும். இங்கே துவக்கு உரிமத்துக்கு வேண்டியது அதுதான்: குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுமில்லாத சாதாரண மனிதர்.

ஓர் அலுவலர் பெண் தொலைபேசி எடுத்தார். இலங்கையில் நீங்கள் யார் யாருக்குத் துப்பாக்கி வழங்கினீர்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அரசாங்கத்தின் சார்பில், பன்றிக்காக என்றேன். அந்த விடை நிலைமையைத் திருத்தவில்லை. நான் கச்சேரியில் வேலை செய்ததற்குச் சான்று கேட்டார்கள். அதைத் தேடி, மொழிபெயர்த்து, உறுதிப்படுத்தி அனுப்ப மாதங்கள் போயின. கடைசியாக அதே அலுவலர் சில கேள்விகளைத் தானே வாசித்துக் கேட்டார். படிவத்திலும் அவை இருந்தன, குரலில் கேட்கும்போது வேறு மாதிரி இருந்தது. அண்மைய ஆண்டுகளில் மணமுறிவு ஏதும் உண்டா? பிரிவு? வேலை இழப்பு? மன அழுத்தத்துக்கு மருத்துவரிடம் போனதுண்டா? உயிரை மாய்த்துக்கொள்ள நினைத்ததுண்டா?

இல்லை, இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டு போனேன். நாட்டை இழந்ததைக் கணக்கில் எடுப்பீர்களா என்று கேட்க வாய் வந்தது. அது அண்மைய ஆண்டுகளில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படியெல்லாம் கேட்பதற்கு எப்படி மனம் வருகிறது என்று தொலைபேசியை வைத்தபிறகு ராணியிடம் சொல்லிச் சிரித்தேன். பெற்ற பிள்ளையிடமே நாங்கள் இதைக் கேட்பதில்லையே என்றேன். அவளும் சிரித்தாள்.

6

ஓகஸ்ட் நடுப்பகுதியில் உரிம அட்டை வந்தது. அதில் என் முகம் ஓய்வூதியம் மறுக்கப்பட்டவனின் முகம். வேட்டைக்கென்று வேறொரு வகுப்பு, வேறொரு அட்டை, அதையும் எடுத்திருந்தேன். பிக்கரிங்குக்கு அப்பால் ஒரு கடை இருக்கிறது. ராணியும் வந்தாள், ஆனால் காரை விட்டு இறங்கவில்லை.

உள்ளே தூண்டில்களும் மழைச் சப்பாத்துகளும், எங்கள் ஊர்ப் பல்பொருள் கடைபோலத்தான். துவக்குகள் பின்சுவரில் இருந்தன. கடைக்காரருக்கு என் வயது இருக்கும். எதற்கு என்று கேட்டார். என் மகன் மூஸ் வேட்டைக்குப் போகிறான், இந்த வருடம் நானும் போகிறேன் என்றேன். இந்த வசனத்தை உரத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் என்னை ஒருமுறை பார்த்தார். நீங்கள் கொடுத்து வைத்தவர், என் பிள்ளைகள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள் என்றார். பிறகு வெகு அக்கறையோடு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார்.

ஒன்றைக் கையில் தந்தார். மரப்பிடி வைத்த பழைய ரைபிள். முன்பு வைத்திருந்தவரின் கன்னம் பட்ட இடத்தில் மரம் பளபளத்தது. பாரம் நான் நினைத்ததைவிடக் குறைவு. கச்சேரிப் பதிவேடு இதைவிடப் பாரம். வகுப்பில் சொல்லித் தந்தபடி திறந்து பார்த்து, வெறுமை என்று உறுதிசெய்து, குழல் வாயை நிலத்துக்குத் திருப்பினேன். எனக்கு முன்னால் மார்கழியில் வரிசையாக நின்ற எல்லாரும் இதைத்தான் வீட்டில் வைத்திருந்தார்கள், மாமாவும் இதைத்தான் வைத்திருந்தார் என்று தோன்றியது. இத்தனை காலம் கழித்து அந்த மேசையின் மற்றப் பக்கத்தில் நான் நின்றேன்.

கடைக்காரர் கடும் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு தொப்பியை இலவசமாகத் தந்தார். காட்டில் மற்றவர்கள் மூஸ் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருக்க. அதைப் போட்டுக்கொண்டே காருக்கு வந்தேன். ராணி என்னைப் பார்த்துவிட்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. கைக்குட்டையால் கண்ணையும் துடைத்தாள்.

"பின்சீற்றில வையாதேங்கோ. டிக்கியில வையுங்கோ" என்றாள்.

வீட்டுக்கு வந்து, அலுமாரியில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால் அவளையே படம் எடுக்கச் சொன்னேன். தொப்பியும் துவக்குமாக நான் நிலக்கீழறையில் நிற்கும் படம். இப்போது சரிவந்துவிட்டது, சொல்லலாம். கஜனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே எழுதினேன்: "லைசென்ஸ் எடுத்திட்டன். இந்த வருஷம் நானும் வாறன்."

7

படத்தை அவன் பார்த்துவிட்டான் என்பதற்கான இரண்டு நீலக் குறிகளும் அன்றைக்கே வந்தன. கச்சேரிப் பாஷையில் சொன்னால், கிடைத்தது, நடவடிக்கை இல்லை.

அந்த ஞாயிறு அவன் எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு இரவு வேலை என்று ஒரு வரி எழுதினான். படத்தைப் பற்றி ஒன்றுமில்லை. அலுவலகங்கள் பதில் போடாவிட்டால் யாருக்கு எழுதுவது, எத்தனை நாளில் எழுதுவது, பிரதி யாருக்கு என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். மகன் பதில் போடாவிட்டால் மேன்முறையீடு செய்ய இடமில்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன். டேவுக்கு நான் வருவது பிடிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். ஒரு கிழவனைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் யார் பார்த்துக்கொள்வது என்று நினைக்கிறான் என்றும் நினைத்தேன். அதனால் தினமும் பூங்காவில் நடந்து பழகினேன். ஒரு மர வாங்கில் அமர்ந்து அசையாமல் இருந்தும் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் முடிந்தது. ஒரு நாய் வந்து முகர்ந்துவிட்டுப் போனது.

செப்டெம்பர் முடிந்தது. மேப்பிள் மரங்கள் சிவந்தன. அவர்கள் வழக்கமாகக் காட்டுக்குப் போகும் கிழமையும் வந்தது. துவக்குக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்பவும் பூட்டினேன். ராணி படியில் நின்று, அவனை ஒன்றும் கேட்க வேண்டாம், தானாகச் சொல்லுவான் என்றாள். வழக்கமாக அவள் சொல்வதுதான். இந்தமுறை குரல் அவ்வளவு உறுதியாக இல்லை.

நன்றி நவிலல் நாளுக்கு முந்திய வியாழக்கிழமை காலை, கோப்பிக் கடையில் மாஸ்ரர் தன் சர்க்கரை அளவைப் பற்றி விவரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி ஒலித்தது. வட்ஸ்அப்பில் கஜனின் நீண்ட பதில், ஆங்கிலத்தில். அங்கே வாசிக்காமல் வீட்டுக்கு வந்து, ராணியைப் பக்கத்தில் இருத்தி, வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

எமிலியும் அவனும் பிரிந்து ஒன்றரை வருடம். யாரிலும் பிழையில்லை என்று எழுதியிருந்தான். அவன் ஒரு தொடர்மாடியில் தனியே இருந்திருக்கிறான். மாரியில் நித்திரை இல்லாமல், வேலைக்குப் போக முடியாமல், மருத்துவரிடம் போய் மன அழுத்தத்துக்கு மருந்து எடுக்கத் தொடங்கியிருக்கிறான். அந்தச் சித்திரையில் அவனுடைய துவக்கு உரிமத்தைப் புதுப்பிக்கும் தவணை. படிவத்தில் அந்தக் கேள்விகள். பிரிவு, மருந்து என்று வந்தவற்றுக்கு ஆம் போட்டுக்கொண்டு வந்தவன் கடைசிக் கேள்வியில் நின்றுவிட்டானாம். இரண்டு நாள் படிவம் மேசையில் கிடந்ததாம். பிறகு அதற்கும் ஆம் என்று குறியிட்டானாம். இந்தக் கேள்வியை என்னிடம் முதன்முதல் கேட்டது அந்தக் கடதாசிதான், அப்பா, என்று எழுதியிருந்தான். அன்றைக்கே தன்னிடமிருந்த இரண்டு ரைபிளையும் டேவின் வீட்டுக்குக் கொண்டு போயிருக்கிறான். டேவ் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்துவிட்டு, உள்ளே வந்து சாப்பிடு என்றாராம்.

இனி வேட்டைக்குப் போவதில்லை என்றான். உங்கள் படம் வந்தது, அதற்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை, படத்தில் நீங்கள் மிகவும் சந்தோஷமாக இருக்கிறீர்கள் என்றான்.

கடைசி வரி மட்டும் தமிழ், ஆங்கில எழுத்தில். அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. ராணி என் தோளுக்கு மேலால் பார்த்து, எழுத்துக்கூட்டித் தானே வாசித்தாள்.

"சரிவந்தாப் பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான்."

அவள் அழவில்லை. எழுந்து போய்க் கார்த் திறப்பை எடுத்து வந்து மேசையில் வைத்தாள்.

"முதல்ல அதைக் கொண்டு போய்க் குடுங்கோ. அவன் வாற வீட்டில அது இருக்கக் கூடாது."

பூட்டிய அலுமாரியில், குண்டு வேறாக, திறப்பு உரிமம் பெற்றவரிடம் இருக்கும்வரை, வீட்டில் வேறு யார் தங்கினாலும் சட்டம் தடுப்பதில்லை. இது எனக்குத் தெரியும். சொல்லவில்லை.

இந்தமுறை ராணி கடைக்குள்ளே வந்தாள். கடைக்காரர் என்னை அடையாளம் கண்டு, இன்னும் காட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டார். மகன் இந்த வருடம் போகவில்லை என்றேன். அந்தத் துவக்கு, மேசையைத் தாண்டி அவர் பக்கம் போய்ச் சுவரில் மாட்டப்படும்வரை ராணி நின்று பார்த்தாள். தொப்பியையும் திருப்பிக் கொடுக்கப் போனேன். அதை வைத்திருக்கச் சொன்னார்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே எழுதினேன்: "துவக்கைக் குடுத்திட்டன். வீட்டை வா, தம்பி." நன்றி நவிலல் சனிக்கிழமை மாலை அவன் வந்தான், ஒரு பையோடு. இரண்டு பேரும் நிலக்கீழறைப் படியில் கனநேரம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவன் பேசவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பூங்காவில் பழகியிருந்தது, ஆனால் இந்தமுறை நான் கேட்டேன். அலுவலர் பெண் கேட்ட அதே கேள்விகள், அதே வரிசையில். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். அவற்றை இங்கே எழுதப் போவதில்லை. இப்போது இங்கேயே இரவு வேலை செய்கிறான். மருந்தும் எடுக்கிறான். சில நாள் சாப்பிடுகிறான், சில நாள் இல்லை. ராணி மிளகாய்த்தூள் எடுக்கப் போகும் சாட்டில் பக்கத்து அறைக் கதவடியில் நின்று அவன் மூச்சுக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறாள்.

கச்சேரியில் எந்தக் கடிதம் வந்தாலும் முதலில் செய்வது மூலையில் திகதி முத்திரை குத்துவது. எங்களுடைய எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். கைத்தொலைபேசியில் அதற்கு இடமில்லாததால் இங்கே குறித்து வைக்கிறேன்.

எமது கேள்வியின் திகதி: கேட்கவில்லை.

பதில் கிடைத்த திகதி: ஒக்டோபர் 9, வியாழக்கிழமை.